அக்காவின் காலண்டர்

எங்கள் ஆபீஸில் அவருக்கு "பண்ணிடலாம்" என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். வாடிக்கையாளர் கூப்பிட்டு, இந்தப் பட்டனை இடது பக்கம் வைக்க முடியுமா என்றால் "பண்ணிடலாம் சார்." முதலாளி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து நின்று திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்றால் "பண்ணிடலாம்." கழிப்பறைக் குழாய் சொட்டுகிறதே என்று நான் புலம்பினால் அதற்கும் "பண்ணிடலாம் ம்மா." அந்தக் குழாய் இன்றைக்கும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் அங்கே டெஸ்டர். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை கண்டுபிடித்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம். என் வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆபீஸிலும் சொல்வார்கள். அவர் என்னைவிட நிறைய மூத்தவர் என்பதால் அண்ணா என்று கூப்பிடுவேன். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டையும் போடுவேன்.

டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை, அதுதான் ஆபீஸ். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் வியர்வை நாற்றம். எங்கள் பிழைப்பு ஒரே ஒரு செயலியை நம்பியிருந்தது. யார் எந்த வேலையை எந்த நாளில் செய்ய வேண்டும் என்று ஒரு பலகையில் போட்டுவைக்கும் செயலி அது. எங்கெங்கோ கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் அதை வாங்கி வைத்திருந்தன. அதைச் செய்தவர்கள் நாங்கள் இல்லை. அதன் ஓரங்களில் செருகிக்கொள்ளும் சின்னச் சின்ன ப்ளகின்களைச் செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. அதற்கு ஒரு வெப் ஃபிரேம்வொர்க் உண்டு. தூண், கூரை, குழாய் எல்லாம் போட்டு வைத்த வீடு மாதிரி அது. நாம் போய்த் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்ள வேண்டியதுதான். பண்ணிடலாம் அண்ணா அந்த வீட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பார். அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் செய்ததிலேயே பெயர் வாங்கிய ப்ளகினுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் தள்ளுவண்டி. தினமும் காலையிலும், யாருடைய காலண்டராவது மாறும்போதும் அது எழுந்து பலகையைப் பார்க்கும். அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை ஒருவர் பெயரில் இருந்து, அவருடைய காலண்டர் நிரம்பி வழிந்தால், அந்த வேலையை அவரிடமிருந்து எடுத்து, யாருடைய காலண்டர் காலியாக இருக்கிறதோ அவர் பெயரில் போட்டுவிடும். காலியாக யாருமே இல்லாவிட்டால் வேலை பழைய ஆளிடமே திரும்பிவிடும். வாங்கிக்கொண்டவருக்குத் தகவல் போகும். பறிகொடுத்தவருக்குப் போகாது. வேலையாக இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பது அண்ணாவின் எண்ணம்.

நான் சோதனைக்காக ஒரு பலகை போட்டேன். "சமையல்காரரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டும்" என்று ஒரு வேலை, டிரைவர் பெயரில். டிரைவருக்கு அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லாதபடி காலண்டரை நிரப்பினேன். தள்ளுவண்டி அந்த வேலையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்காரர் தலையிலேயே கட்டியது. தன்னைத் தானே போய் அழைத்துக்கொண்டு வர வேண்டும் பாவம். நான் சிரித்துச் சிரித்து, அதைப் பிழை என்று பதிவு செய்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அண்ணா அதை மூடி வைத்திருந்தார். கீழே ஒரு வரி: "வடிவமைத்தபடியே இயங்குகிறது."

"என்னண்ணா இது? ஒரு மனுஷன் தன்னைத்தானே எப்படி கூட்டிட்டு வருவான்?"

"ப்ளகினுக்கு படிக்கவா ம்மா தெரியும்? யார் ஃப்ரீன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும்."

"காலண்டர்ல ஒண்ணும் எழுதலைன்னா ஃப்ரீன்னு யார் சொன்னா? எழுத நேரமில்லாம கூட இருக்கலாம்ல?"

"வேலை இருந்தா எழுதுவாங்க ம்மா. நீ சும்மா நோண்டாதே."

முதலாளியும் அவர் பக்கம். என் பேச்சு எடுபடவில்லை.

அந்த வருஷம்தான் அண்ணாவின் அம்மா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். அண்ணாவுக்கு ஒரு அக்கா, ஒரு தம்பி. தம்பி வேறு ஊரில் இருந்தார். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவோடு பழைய வீட்டிலேயே இருந்தார். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த வேலையை அம்மா விழுந்த வாரமே விட்டுவிட்டார். ஏன் விட்டாய் என்று தம்பிகள் இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலும் சொல்ல வேண்டியிருக்குமே.

அண்ணா கெட்டவர் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்வது மூன்று பேர் பொறுப்பு என்று அவரே சொல்லி, குடும்பத்துக்கு ஒரு பலகை போட்டார். மாத்திரை வாங்குவது, படுக்கைப்புண் வராமல் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, பயிற்சி கொடுப்பவரை அழைத்து வருவது, துணி மாற்றுவது என்று எல்லாவற்றையும் மூன்று பேருக்கும் சமமாகப் பிரித்தார். அதோடு தள்ளுவண்டியையும் செருகினார். தம்பிக்கும் இவருக்கும் காலண்டர் முழுக்க மீட்டிங். அக்காவின் காலண்டரில் ஒன்றும் கிடையாது. எழுதி வைக்கச் சொல்லி ஒருநாள் அண்ணா போனில் வற்புறுத்தியது என் காதிலும் விழுந்தது. ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"குளிப்பாட்டுறதை எல்லாம் எழுதிட்டு உக்காந்தா, அப்புறம் யாருடா குளிப்பாட்டுறது?" என்றார் அக்கா.

அண்ணா சிரித்தார். நானும் சிரித்தேன்.

பலகை தினமும் பச்சையாக இருந்தது. செய்து முடித்த வேலை பச்சையாகும். அண்ணா அதை என்னிடம் காட்டிப் பெருமைப்படுவார். "பார் ம்மா, மூணு பேரும் சேர்ந்தா ஒரு வேலையும் நிக்கறதில்லை." அந்தப் பச்சை எல்லாம் யார் கை பட்டு வந்தது என்று அவர் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்க்கத் தேவையில்லாதபடிதானே அதை எழுதியிருந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை அக்காவே என்னிடம் சொன்னார். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் சாதம் தொண்டையில் அடைத்தது, பிறகு கஞ்சியும் அடைத்தது. டாக்டர் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மயக்க மருந்து கொடுப்பார்கள். அதனால் கூட ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும், ஆள் இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். அக்கா அண்ணாவுக்குப் போன் செய்தார்.

"ஒரு நாள் கூட வர்றியாடா?"

"பண்ணிடலாம் க்கா. பலகைல போட்டுடு, மறக்க மாட்டேன்."

அக்காவும் போட்டார். "அக்காவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்" என்று, அண்ணா பெயரில். அதைத் தவிர அவர் தனக்காக அந்தப் பலகையில் எதையும் போட்டதில்லை. அந்த நாளில் அண்ணாவுக்கு ஒரு வாடிக்கையாளரோடு காலையிலிருந்து மாலை வரை பேச்சு இருந்தது. விடிந்ததும் தள்ளுவண்டி எழுந்தது. அண்ணாவின் காலண்டரைப் பார்த்தது, நிரம்பியிருந்தது. அக்காவின் காலண்டரைப் பார்த்தது, காலியாக இருந்தது. அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் வேலையை அவரிடமே கொடுத்துவிட்டது.

அக்கா தன் போனில் அதைப் பார்த்தார். தம்பி திருப்பி அனுப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணை அம்மாவோடு உட்கார வைத்துவிட்டு, ஒரு பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு தனியாகப் போனார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். யாரும் இல்லை என்றதும் வேறொரு நாள் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த நாளையும் அக்கா பலகையில் போட்டார். அதுவும் அவரிடமே திரும்பி வந்தது. மூன்றாம் தடவை அவர் போடவில்லை.

அண்ணாவுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவர் பட்டியலில் இருந்த வேலை சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தது. பட்டியலில் இல்லாதது அவர் மண்டையிலும் இல்லை. இத்தனை வருஷமாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் அவர் வழி செய்து கொடுத்துக்கொண்டிருந்தார், மற்றவர்களுக்கும் தனக்கும். எனக்கு இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா சமையலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொண்டைக்குக் கீழே கட்டி, நன்றாகப் பரவியிருந்தது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அதைச் சொல்லாமல் இருந்தால் என்ன?

நான் ஒரு மதிய நேரத்தில் பார்க்கப் போனேன். ஒல்லியாகத் தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீதானே அந்த சண்டைக்காரி? இவன் சொல்லியிருக்கான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பரிசோதனைக்குப் போன கதையை ஏதோ ஊர்க்கதை மாதிரி என்னிடம் சொன்னார். கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த அண்ணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல க்கா?"

"நீதான் திருப்பி அனுப்பிட்டேன்னு நினைச்சேன்டா. நீ வேலையா இருப்பியேன்னு விட்டுட்டேன்."

"நான் அனுப்பல க்கா."

"அப்ப யார் அனுப்பினா?"

"அது தானா போச்சு க்கா" என்றார் அண்ணா.

அக்கா, "அம்மாவுக்கு மத்தியானம் மருந்து குடுத்தாச்சா?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் கட்டில் ஓரத்தில் அதிர்ந்தது. அம்மாவின் மருந்து அவர் பெயருக்கு வந்திருந்தது. அண்ணா அந்தப் போனை எடுத்து அணைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார்.

அண்ணா அம்மாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சில நாள் விடுப்புக்குப் பிறகு ஆபீஸுக்கு வந்தார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை ஏற்பாடு செய்து, அவரையும் பலகையில் சேர்த்து, அவருடைய காலண்டரைச் சமையல், துவையல் என்று நிரப்பியிருந்தார். இரண்டாம் நாள் பதினொரு மணிவாக்கில் வீட்டுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அவர் எழுந்து நின்றுவிட்டார். அம்மா காலையிலிருந்து ஈரத்துணியிலேயே கிடக்கிறார். மருந்தும் கொடுக்கவில்லை. வந்த அம்மாளோ தனக்கு எந்த வேலையும் வரவில்லை என்கிறார்.

"என் லிஸ்ட்லயும் ஒண்ணும் வரலையே ம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவசரமாகப் பலகையைத் திறந்தார். நானும் அவர் பின்னால் போய் நின்று பார்த்தேன்.

எல்லா வேலையும் அக்கா பெயரில் இருந்தது. துணி மாற்றுவது, மருந்து, திருப்பிப் படுக்க வைப்பது, எல்லாம். மற்ற எல்லோருடைய காலண்டரும் நிரம்பியிருந்தது. அக்காவின் காலண்டர் அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று எவ்வளவு தூரம் தள்ளிப் பார்த்தாலும் காலியாக இருந்தது.

அண்ணா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கீழே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் "நீக்கு" என்று ஒரு பட்டன் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. அவர் அதைத் தொடவில்லை. அக்காவின் காலண்டரைத் திறந்து, இன்றைய தேதியைத் தொட்டு, "விடுப்பு" என்று எழுதினார். எது வரைக்கும் என்று அது கேட்டது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுச் சேமித்தார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் திரும்பத் திரும்ப ஒலிக்கத் தொடங்கியது. வேலைகள் அவர் பெயருக்கு வந்துகொண்டிருந்தன.

"முதலாளி கேட்டா என்னண்ணா சொல்ல?" என்றேன்.

"அம்மாவுக்குத் துணி மாத்தப் போயிருக்கேன்னு சொல்லு ம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார்.