பொல்கஹமுல்ல தியேட்டரும் எங்கள் அப்பாவும்

இப்படியான ஒரு நினைவு மலரின் முதல் வரி எப்படி அமைய வேண்டும் என்பது இதைக் கையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்க வேண்டும். வசிப்பிடத்தில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. பிறப்பிடத்தில் வந்து நின்றோம். மூன்று கிழமையாக நின்றுகொண்டேயிருக்கிறோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நெருங்குகிறது என்று அச்சகத்தார் இரண்டு முறை தொலைபேசி எடுத்துவிட்டார். மூத்த மகன் என்பதால் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அப்பா எங்கே பிறந்தார் என்பதையே எழுதத் தெரியாதவன் அவரைப் பற்றி வேறு என்னத்தை எழுதிக் கிழிக்கப்போகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அப்பா சொன்னபடி பார்த்தால் கதை சுலபமானது. மாத்தறைக்கு அப்பால், தெற்கில், பொல்கஹமுல்ல என்ற சிறு ஊர். அங்கே இருந்த ஒரேயொரு தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. பன்னிரண்டு வயதில் தாயையும் தந்தையையும் இழந்து, கொட்டாஞ்சேனையில் இருந்த மாமி வீட்டுக்கு வந்து வளர்ந்தார். அடையாள அட்டையில் கொழும்பு என்று இருக்கிறதே என்று நாங்கள் கேட்டால், "அது ஆஸ்பத்திரி மோனை. ஊர் வேறை, ஆஸ்பத்திரி வேறை" என்பார். நாங்களும் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

கொட்டாஞ்சேனையில் அப்பா நடத்திய ரேடியோ திருத்தும் கடை கலவரத்தில் எரிந்தது. அம்மாவையும் எங்களையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுக்கும் கடையைத் தொடங்கினார். எரிந்த கடையைப் பற்றி ஒருநாளும் புலம்பி நாங்கள் கேட்டதில்லை. வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்தே கசெட்டை எடுப்பார். வெளிநாட்டுக்குப் போவதற்காக லொட்ஜில் காத்திருக்கும் பெடியளுக்கு அழுகைப் படம் கொடுக்கவே மாட்டார்.

பின்னேரமானால் கடைக்குள் நாலு ஸ்டூல் போடப்படும். பருத்தித்துறையை விட்டு வந்த சிவம் மாமா, மன்னாரை விட்டு வந்த பாறூக் மாமா, பதுளையை விட்டு வந்த லோகு மாமா, இவர்களோடு அப்பா. படக்கதையில் தொடங்கி, அந்தப் படத்தைத் தங்கள் ஊரில் எந்தத் தியேட்டரில், யாரோடு, எந்த வாங்கில் இருந்து பார்த்தார்கள் என்பதில் போய் நிற்பார்கள். போராலும் கலவரத்தாலும் மூன்று பேருக்கும் திரும்பிப் போக முடியாத ஊர்கள். கொழும்புத் தமிழரிடம் "எந்த ஊர்?" என்று கேட்டுக் கொழும்பு என்று பதில் வந்தால், "அது சரி, சொந்த ஊர்?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி தன் பக்கம் திரும்பியதும் அப்பா பொல்கஹமுல்ல தியேட்டரைத் திறப்பார்.

தகரக் கொட்டகை. படம் ஓட்டுகிறவர்தான் ஊர் முடிதிருத்துபவரும். இடைவேளைக்கு முன் ஒரு கன்னம், பின் மறு கன்னம் என்று சவரம் செய்வாராம். தமிழ்ப் படம் வந்தால் ஊரில் யாருக்கும் மொழி விளங்காது. ஆகவே பத்து வயது அப்பாவைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, வசனங்களைச் சிங்களத்தில் சொல்ல வைத்தார்களாம். ஒரு படத்தில் கதாநாயகன் இறந்துவிட்டான். சனம் கொதித்துக் கொட்டகையை உடைக்கும் என்று பயந்த அப்பா, "சாகவில்லை, மயக்கம்தான்" என்று சொல்லிவிட்டார். அடுத்த காட்சியில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய் விறகில் வைக்கிறார்கள். முழுக் கொட்டகையும் எழும்பி "மெரிலா நே! மெரிலா நே!" என்று கத்தியதாம். சாகவில்லை என்று சிங்களத்தில்! இந்த இடத்தில் அப்பா ஸ்டூலில் ஏறி நின்று கத்துவார். நூறு முறையாவது கேட்டிருப்பேன். "சும்மா புளுகாதேங்கோ அப்பா" என்று நூறு முறையும் சொல்லியிருக்கிறேன்.

மலருக்குப் படம் தேடியபோதுதான் பழைய பிஸ்கட் தகரத்துக்குள் அப்பாவின் பள்ளிக்கூடச் சான்றிதழ் அகப்பட்டது. பாலர் வகுப்பிலிருந்து கடைசி வகுப்புவரை ஒரே பள்ளிக்கூடம், கொட்டாஞ்சேனை. அப்படியானால் பத்து வயதில் திரைக்குப் பக்கத்தில் நின்றது யார்? தங்கச்சி தனக்குத் தெரிந்த சிங்கள நண்பி மூலம் விசாரித்தாள். பொல்கஹமுல்ல என்றால் தென்னை மரத்தடி என்று அர்த்தமாம். இந்த நாட்டில் தென்னை மரத்தடி இல்லாத இடம் எது? அந்தப் பெயரில் மூன்று இடங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். தெற்கில் ஒன்றுகூட இல்லை. தியேட்டர் எதிலும் இல்லை.

அம்மாவிடம் மெதுவாகச் சொன்னோம். கொஞ்ச நேரம் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கலியாணம் பேசேக்கையும் பொல்கஹமுல்ல எண்டுதானே சொன்னவை. அப்ப நான் ஆரைக் கட்டினனான் மோனை?"

அப்பா எங்களை ஏமாற்றினார் என்று கோபம் வந்தது. செத்த மனிதரோடு கோபப்படுகிறேனே என்று வெட்கமும் வந்தது. சான்றிதழை எடுத்துக்கொண்டு சிவம் மாமாவிடம் போனேன்.

"கொட்டாஞ்சேனை எண்டு போடாதை தம்பி. அவன் பொல்கஹமுல்லதான்" என்றார் அவர்.

"எப்பிடி மாமா அவ்வளவு உறுதியாச் சொல்லுறியள்?"

அப்போதுதான், அப்பா எங்களிடம் ஒருநாளும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். சுற்றிவளைப்பு நடந்த ஒரு மத்தியானம், கடையில் இருந்த நாலு பேரையும் பொலிசுக்குக் கொண்டுபோனார்களாம்.

"எனக்குப் பருத்தித்துறை அட்டை. உள்ளை போனால் எப்ப வெளியிலை வாறதெண்டு தெரியாது. உன்ரை கொப்பருக்குக் கொழும்பு அட்டை, போகச் சொல்லிப்போட்டாங்கள். அந்த மனுசன் போகேல்லை. இவங்கள் என்ரை ஆக்கள், நானும் இருக்கிறன் எண்டு வாங்கிலை இருந்திட்டான். பொலிஸ் பெரியவர் வந்து, நீ எந்த ஊர் எண்டு சிங்களத்திலை கேட்டார். இவன் பொல்கஹமுல்ல எண்டான். அவர் நிமிர்ந்து பார்த்து, நானும் அந்தப் பக்கம்தான் எண்டார். எனக்கு உயிர் போட்டுது தம்பி. நாங்கள் மூண்டு பேரும் அதை முழுப் புளுகெண்டுதான் நினைச்சிருந்தனாங்கள்."

"பிறகு?"

"எங்கை, ஊரைப் பற்றிச் சொல்லு பாப்பம் எண்டார். இவன் எழும்பி நிண்டு தியேட்டரைத் திறந்தான். சவரம், மயக்கம், விறகு, ஒண்டும் விடேல்லை. அந்தப் பெரியவர் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்ன சொன்னவர் தெரியுமோ? அண்டைக்கு நானும் அங்கை இருந்தனான், நானும்தான் கத்தினனான் எண்டார். தேத்தண்ணி தந்து நாலு பேரையும் அனுப்பிவிட்டார்."

"அப்ப உண்மையிலேயே அந்த ஊர் இருக்குதா?"

சிவம் மாமா தொடர்ந்தார். "காலி வீதி வரைக்கும் கொப்பர் ஒண்டும் கதைக்காமல் வந்தான். பிறகு என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டான். மச்சான், அப்பிடி ஒரு தியேட்டர் மெய்யாவே இருந்ததோ எண்டு."

அந்தப் பெரியவர் பொய் சொன்னாரா, அப்பா உண்மையைத் தெரியாமல் சொன்னாரா, விடுமுறைக்கு எங்கேயாவது போய் வந்தாரா, ஒன்றும் எனக்குத் தெளிவாகவில்லை. அப்பாவுக்கு நினைத்துச் சொல்ல ஓர் ஊர் இல்லாமல் போனது எவ்வளவு பெரிய குறையாக இருந்திருக்கும் என்பது மட்டும் காலம் கடந்து உறைத்தது. இருதய நோயோடு கடைசி வாரம் படுத்திருந்தபோதும் பக்கத்துக் கட்டில்காரருக்கு அந்தத் தியேட்டரைத்தான் திறந்துகொண்டிருந்தார். அம்மாவிடம் முடிவைக் கேட்டோம். "அந்த மனுசன் சொன்ன ஊரையே போடுங்கோ" என்றார். அப்படியே போட்டிருக்கிறோம். பிழையென்று நினைக்கும் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

செய்தி அறிந்து ஓடி வந்தவர்களுக்கும், போர்ப் பகுதியை விட்டு வெளியேறப் பாஸ் கிடைக்காமல் வர முடியாதிருந்து கடிதம் எழுதியவர்களுக்கும், எங்கள் மாடிவீட்டு அயலவர்களுக்கும், கதிரை தந்த லொட்ஜ்காரருக்கும், ஒரு வாரம் எங்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்பிய பாறூக் மாமா வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்தப் பொலிஸ் அதிகாரிக்கும் நன்றி. இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும்.

மயானத்தில் எரிக்கும் வேலை செய்த சிங்களவர் அவர். நான் கொள்ளியோடு திரும்பிய நேரம், பின்னால் நின்ற சிவம் மாமா தாங்க முடியாமல் "மெரிலா நே! மெரிலா நே!" என்று கத்திவிட்டார். லோகு மாமா சிரித்தார், பிறகு ஓவென்று அழுதார். அந்த மனிதருக்கு எங்கள் கதை தெரியாது. அவர் பதறி என் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்து அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். நூறு முறை புளுகு என்று சொன்னவன் நான். அவர் அந்த விரலை எடுக்கும்வரை, அப்பா சொன்னதை முழுதாக நம்பிக்கொண்டு நின்றேன்.