கேமரா திரும்பிப் பார்க்காத ஆள்

சினிமாவில் காட்டில் ஒளிந்து திரிகிற கலகக்காரர்களுக்கு முகப் பவுடர் யார் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

போன வாரம் பரமத்தி வேலூரில் என் சித்தி மகள் நல்லம்மாள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆற்றோரம் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருக்கிறது. கூட்டிக்கொண்டு போனாள். கொடுங்கோல் ராஜாவை எதிர்த்துக் காட்டுக்கு ஓடிப்போன ஒரு வீரனின் கதை. பிடித்துக் கொடுத்தால் பொன் முடிப்பு என்று ஊரெல்லாம் தமுக்கு அடிக்கிறார்கள். நம்ம வீரரோ மழமழவென்று ஷேவ் செய்த முகத்தோடு, எண்ணெய் தடவிச் சுருட்டிவிட்ட முடியோடு பாடுகிறார். பிடிக்க வந்த சேவகர்கள் பாட்டு முடிகிறவரை புதருக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள். என்ன மரியாதை!

அப்புறம் வளையல்காரன் வேஷத்தில் தன் வீட்டுக்கே வருகிறார். ஒரு ஒட்டுத்தாடிதான்... பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை! மனைவி மட்டும் கையை நீட்டியதும் கண்டுகொள்கிறாள். ஆண்கள் பக்கம் விசில் காதைப் பிளந்தது. பெண்கள் பக்கம் ஒரே மூக்குறிஞ்சல். நானும் கை தட்டினேன், பொய் சொல்வானேன்?

ஆனால் அன்று எனக்கு அங்கே வேறொரு வேலையும் இருந்தது. கிளம்பும்போதே நல்லம்மாள் அதை என் தலையில் கட்டியிருந்தாள்.

அவள் பக்கத்து வீட்டுக்காரி பாவாயி. புருஷன் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவர். 'வெள்ளையனே வெளியேறு' என்று ஊரே கொந்தளித்தபோது, தந்திக் கம்பியை அறுக்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்திருக்கிறார். போலீஸ் துரத்தியது. ஓடினார். இப்போது புது மந்திரிசபை வந்து வாரண்டையெல்லாம் ரத்து செய்தாகிவிட்டது. தலைமறைவாக இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஊர் எல்லையிலேயே மாலை, மேளம். பாவாயியின் புருஷன் மட்டும் வரவில்லை.

அவருடைய அண்ணன் பார்த்தார், பார்த்தார்... வருகிற அமாவாசைக்குக் கருமாதி செய்துவிடலாம் என்கிறார். அப்படியென்றால் பாவாயி தாலியைக் கழற்றி, வெள்ளைச் சீலை கட்ட வேண்டும். அவள் முடியவே முடியாது என்கிறாள்.

"பொழுது சாஞ்சா அந்தக் கொட்டாயில வந்து உக்காந்துக்கறா அக்கா. டிக்கெட் கிழிக்கறவரு பாவப்பட்டுச் சும்மா உட்டுர்றாரு" என்றாள் நல்லம்மாள். "படத்துல வாராப்பல அவரும் வேஷம் போட்டுட்டு வருவாருன்னு இருக்கறா போல. நீ பத்திரிகைல எழுதறவ. நீ சொன்னாக் கேப்பா. இதெல்லாம் வெறும் சினிமான்னு ஒருக்கா எடுத்துச் சொல்லு."

டூரிங் கொட்டகையில் ஒற்றை மெஷின்தானே? ரீல் மாற்ற விளக்குப் போட்டார்கள். நல்லம்மாள் கை காட்ட, மணலில் நகர்ந்து நகர்ந்து பாவாயி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யார் என்று சொல்லிக்கொண்டேன். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"ஏங்கண்ணு, சினிமாவுல வாராப்பல நெசத்துல எவனும் வேஷம் போட்டுட்டு வரமாட்டான்..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

அவள் சிரித்துவிட்டாள்.

"அது எனக்குத் தெரியாதுங்களா அக்கா? அவரு என்ன தாடி ஒட்டிட்டு வந்தாலும் ஒருக்கா இருமுனாப் போதும், எனக்குத் தெரிஞ்சுபோயிருமுங்க. வாரண்டத்தான் ரத்து பண்ணிட்டாங்களே... இனி எதுக்கு வேஷம் போடோணும்?"

நான் சொல்ல வந்ததையெல்லாம் அவளே சொல்லிவிட்டாளே!

"அப்பறம் எதுக்குக் கண்ணு தெனமும் வாரே?"

வெறும் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "முன்னால பாலத்துகிட்ட ஒரு சண்டை வந்துதுங்களே. வீரன் குதிரை ஏறித் தப்பிச்சுப் போறப்ப, கூட ஓடியாந்த ஒருத்தன் அம்பு பட்டுக் குப்புற வுழுகறான். பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அல்லாரும் குதிரையத்தான் பாக்கறாங்க" என்றாள். "எங்கூட்டுக்காரரு தலைவரு இல்லீங்க அக்கா. கூட்டத்துல கடைசி ஆளு. திரும்பி வந்தவங்ககிட்டப் போயிக் கேட்டேனுங்க. 'அல்லாரும் ஓடுனோம், போலீசு சுட்டாங்க, அவன் பின்னால வந்துட்டிருந்தான்'னாங்க. அதுக்கு மேல கேட்டா, தெரியாதுங்கறாங்க. ஒருத்தருங்கூடத் திரும்பிப் பாக்கலீங்களாம்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

"இந்தப் படத்துலயும் அவன் வுழுகறான். ஆனாச் செத்துட்டான்னு காட்டலைங்களே? பொணத்தக் காட்டலை. ஒருத்தரும் அழுகலை. அதான் தெனமும் வந்து பாக்கறேனுங்க. காட்டாதப்ப எப்படிங்க அக்கா கருமாதி பண்றது?"

விளக்கு அணைந்தது. வீரன் கோட்டைக்குள் குதித்தான், ராஜாவைக் கொன்றான், ஜனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கண்ணெல்லாம் நீர். வீட்டுக்கு நடக்கும்போது நல்லம்மாள், "சொன்னியா அக்கா?" என்றாள். "உன்னால முடிஞ்சா நீயே சொல்லு" என்று எரிந்து விழுந்தேன்.

நம் சினிமாக்காரர்களுக்குக் கலகக்காரன் என்றால் எப்போதும் ஒரே ஒரு ஆள்தான். அவனுக்குக் குதிரை, அவனுக்குப் பாட்டு, தூக்குமேடை ஏறினால் அதற்கும் ஒரு பாட்டு. அவனை நம்பிப் பின்னால் ஓடியவர்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. ஊரும் அப்படித்தான் இருக்கிறது. மாலைகளெல்லாம் திரும்பி வந்தவர்களோடு தீர்ந்துபோய்விட்டன.

சேலம் திரும்பியதும் படம் எடுக்கிற புண்ணியவான்களுக்கு ஒரு வேண்டுகோள் எழுத உட்கார்ந்தேன். உங்கள் ஹீரோ தாராளமாகத் தப்பிப் போகட்டும், கேமராவை மட்டும் ஒரு நொடி பின்னால் விழுந்தவன் பக்கம் திருப்புங்கள் என்று எழுதினேன். 'பொணத்தக் காட்டலை' என்ற பாவாயியை நினைத்துக்கொண்டேன். எழுதியதை அடித்தேன்.

வேண்டாம் ஐயா... திருப்பாதீர்கள்.