அன்னாசிக் கோலத்தில் என் பெயர்

உலு திராமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் போடுவது என் பொறுப்பு. போன வருடம் கோலத்தின் நடுவில் ஓர் அன்னாசி வடிவம் வைத்தேன். யாராவது திருடிவிடுவார்களோ என்ற பயத்தில், படத்தின் குறுக்கே என் பெயரை எழுதித்தான் ஃபேஸ்புக் கோலக் குழுவில் போட்டேன்.

மறுநாளே சிகாமட்டைச் சேர்ந்த மாலதி என்பவர் அதே அன்னாசிக் கோலத்தைப் போட்டிருந்தார். "அடுத்தவங்க உழைப்பத் திருட வெட்கமா இல்லையா?" என்று எல்லோரும் பார்க்கக் கேட்டேன்.

"இது என்னோட பழைய கோலம் கா. சண்ட வேணாம் லா, எடுத்துடறேன்" என்று எழுதிவிட்டு, படத்தை நீக்கிவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

அடுத்த வாரம், கைப்பேசியில் இடமில்லாமல் பழைய படங்களை அழிக்கும்போது அந்த அன்னாசி கண்ணில் பட்டது. இரண்டு வருடங்களுக்கு முன் மாலதி தன் பெயரில் போட்ட பதிவின் ஸ்கிரீன்ஷாட். பிடித்துப்போய் நானே சேமித்து வைத்து, அடியோடு மறந்திருக்கிறேன்.

அதே குழுவில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல கா" என்றார்.

இப்போதெல்லாம் யாரையும் குறை சொல்லும் முன் என் கைப்பேசியில்தான் முதலில் தேடுகிறேன். யாருடைய கோலத்தைப் பார்த்துப் போட்டேன் என்பதையும் படத்தின் கீழே எழுதுகிறேன். மாலதி மட்டும் அதற்குப் பிறகு ஒரு கோலமும் போடவில்லை.