க. என்றால் கரண்டி

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் இருநூற்றுப் பதினான்கு படிவங்களை ஒத்துப் பார்த்தது. நான் படிப்பேன், அவள் டிக் போடுவாள். படிவங்களுக்குப் பத்தொன்பது வயது. ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து, தொட்ட விரலெல்லாம் பழுப்பு.

"நூத்தி முப்பத்தாறு. குழந்தை வயசு ரெண்டு. க. ஒண்ணு."

"ம்."

"நூத்தி முப்பத்தேழு. வயசு ஒண்ணரை. ஸ். ஒண்ணு."

"ம்."

"நூத்தி முப்பத்தெட்டு. வயசு..."

"மெதுவாப் படிடி. பஸ்ஸா போயிடப் போகுது?"

"நீ டிக் போடறியா, தூங்கறியா?"

"ரெண்டும்தான். ரிட்டயர் ஆனவளுக்கு அதுக்குக்கூட உரிமை இல்லையா?"

மூன்று மணி நேரம் ஆனது. பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. வெள்ளிக்கிழமை போய்விட்டாள். அறுபத்து நான்கு வயது.

அம்மா டாக்டர். ஊசி போடும் டாக்டராகத் தொடங்கி, ஆறு வருடத்தில் அலுத்து, ஒரு சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தாள். முப்பது வருடம் அங்கே. நாற்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகள். பிறர் அவற்றை மேற்கோள் காட்டியது, அவள் இறந்த வாரக் கணக்குப்படி, ஆயிரத்து அறுநூற்று முப்பது முறை. அதில் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஒரே ஒரு கட்டுரைக்கு. மற்ற நாற்பதுக்கும் சேர்த்து நானூற்றுப் பதினெட்டு.

அந்த ஒரு கட்டுரையைப் பற்றித்தான் இது.

காய்ச்சல் வந்த குழந்தைக்குத் தாய்மார்கள் வீட்டில் எவ்வளவு மருந்து ஊற்றுகிறார்கள் என்பது கேள்வி. களப்பணியாளர்கள் நான்கு பேர் வீடு வீடாகப் போய் அறுநூற்று நாற்பது படிவங்கள் நிரப்பினார்கள். விடை: அறுபத்தொரு சதவீதம் பேர் குறைவாகக் கொடுக்கிறார்கள். அளவுக்கு மேல் கொடுப்பவர்கள் ஒன்பது சதவீதம்தான். பெரிய இதழில் வந்தது. பயிற்சிக் கையேடுகளில் ஏறியது. அம்மாவுக்குப் பதவி உயர்வு, ஒரு கேடயம், தனி அறை. கேடயத்தின் மேல் அவள் மூக்குக் கண்ணாடியை வைப்பாள்.

என் மகளுக்கு ஒரு வயதில் காய்ச்சல் வந்தபோது நர்ஸ் என்னிடம் சொன்னார்: "பயப்படாம முழுசா ஊத்துங்க. அம்மாக்கள் எல்லாம் குறைச்சுத்தான் குடுக்கறாங்கன்னு ஆராய்ச்சியே இருக்கு." வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அன்று முழுவதும் சமையலறையில் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டது குறைவு.

நான் மென்பொருள் எழுதுகிறவள். அவள் ஓய்வு பெற்ற நாளுக்குப் பரிசாக ஒரு சின்ன நிரல் எழுதினேன். வாராவாரம் திங்கள் காலை ஆறு மணிக்கு அவளுடைய மேற்கோள்களை எண்ணி, அவளுக்கும் எனக்கும் மின்னஞ்சல் அனுப்பும். சேலை வாங்கியிருக்கலாம்.

அவள் ஓய்வு பெற்ற அன்று மாலை, நிறுவனத்தின் கூட்ட அறையில் பிரிவு உபசாரம். காகிதக் கோப்பையில் டீ, ஆளுக்கு இரண்டு பிஸ்கட். பழைய களப்பணியாளர் ஒருவரும் வந்திருந்தார். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் எல்லோருக்கும் பென்சில் அக்கா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, நம்ம கரண்டி பேப்பரு இன்னும் ஓடுதாமே?"

"கரண்டி இல்ல பென்சிலு, ஸ்பூன்."

"கரண்டியும்தானே? ஸ்பூன்னு சொன்னா 'ஸ்' போட்டேன், கரண்டின்னு சொன்னா 'க' போட்டேன். பாதி வீட்ல ஸ்பூன் ஏது? கைக்கு வர்ற சின்னக் கரண்டிலதான் ஊத்துவாங்க. ஒரு வீட்ல நான் மருந்து மூடி வெச்சு அளந்தே பாத்தேனே. மூணு மூடி பிடிச்சுது."

"யார்கிட்ட சொன்ன?"

"ஃபாரத்துல ஓரத்துல எழுதினேனே! நீங்க படிக்கலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அம்மா பிஸ்கட்டைக் கோப்பைக்குள் போட்டுவிட்டாள். அது கரைந்து மூழ்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். படிவத்தை நிரப்புவதற்கான குறிப்பை அம்மாவே எழுதினாள், நல்ல எழுத்துத் தமிழில். "தேக்கரண்டி என்பதை க. எனச் சுருக்கி எழுதவும்." தேக்கரண்டி என்ற சொல்லை வாயால் சொன்ன ஒரு மனிதரையும் நான் சந்தித்ததில்லை. அது மருந்துச் சீட்டிலும் சமையல் குறிப்பிலும் மட்டும் இருக்கிற சொல். வீட்டில் அது ஸ்பூன். கரண்டி என்றால் கரண்டி. மற்ற மூவருக்கும் இதைப் பயிற்சியில் விளக்கியிருந்தார்கள். பென்சில் அக்கா இரண்டு வாரம் தாமதமாகச் சேர்ந்தவர். படிவக் கட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மருந்து மூடி ஐந்து மில்லி. அவருடைய 'க.' பதினைந்து. அலுவலகத்தில் எல்லாவற்றையும் ஐந்து என்றே கணினியில் ஏற்றினார்கள்.

'ஸ்.' என்றும் சில இடங்களில் இருந்ததை அம்மா அப்போதே பார்த்திருக்கிறாள். பென்சில் அசட்டையாக எழுதியிருக்கிறாள் என்று நினைத்து அதையும் ஐந்து என்று ஏற்றச் சொல்லியிருக்கிறாள். ஒரே ஆள் ஒரே பொருளுக்கு இரண்டு குறி போடமாட்டாள். இதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல் வேண்டாம். எழுந்து போய்க் கேட்டிருந்தால் போதும். களப்பணியாளர்கள் அறை அதே மாடியில்தான் இருந்தது.

அடுத்த வாரமே அம்மா இயக்குநரைப் பார்க்கப் போனாள். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. கார் ஓட்டி வந்தவள் என்பதால் நானும் அந்த அறையில் இருந்தேன்.

"மேடம், ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியாச்சு. ஆயிரம் பேரும் முட்டாளா?"

"அவங்க படிச்சது நான் போட்ட எண்ணை, சார்."

"நம்ம நிறுவனத்தோட தரவரிசை எதுல நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியாததா? போற போக்குல எதுக்குக் கல்லைப் போட்டுட்டுப் போறீங்க?"

"தப்பு என்னுது."

"பத்தொம்பது வருஷத்துல யாரும் கேட்கல. நீங்களே ஏன் கேட்கறீங்க? ஓய்வு எடுங்க. பேத்தியோட விளையாடுங்க."

பத்தொன்பது அல்ல, அப்போது பதினைந்து. எண் விஷயத்தில் அவர் எப்போதுமே தாராளம்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அம்மா ஓய்வு பெற்றவள். அவளை அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. திருத்தக் கடிதம் ஒன்றை எழுதத் தொடங்கினாள். நான்கு வருடம் எழுதினாள். அவளுடைய மடிக்கணினியில் அதற்கு இருபத்தாறு வரைவுகள் இருக்கின்றன. ஒன்பதாவதற்கும் பதினேழாவதற்கும் இடையே மாறியவை இரண்டு காற்புள்ளிகள். ஒப்பிட்டுப் பார்க்க நிரல் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன்.

திங்கள்தோறும் ஆறு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. இந்த வாரம் புதியவை: மூன்று. இந்த வாரம் புதியவை: ஐந்து. நிறுத்து என்று அவள் சொல்லவில்லை. நிறுத்தட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

ஒருமுறை மட்டும் சண்டை வந்தது. ஆய்வாளர்களை எடைபோட எச்-இண்டெக்ஸ் என்று ஓர் எண் உண்டு. குறைந்தது பதினொரு முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் பதினொன்று இருந்தால் அந்த எண் பதினொன்று. அம்மாவுக்குப் பதினொன்று.

"அந்த பேப்பரையே எடுத்துட்டாக்கூட பத்துதாம்மா ஆகும். ஒண்ணுதான் குறையும்."

"கணக்கு சொல்லாத."

"கணக்குதானேம்மா நீ கேட்ட?"

"நான் எதுவும் கேட்கல. அது போனா எனக்குன்னு என்னடி இருக்கு?"

"ஐஸ் பெட்டி இருக்கு."

"ஐஸ் பெட்டிய எவ கேட்டா!"

ஐஸ் பெட்டி என்பது தடுப்பூசி எடுத்துப்போகும் பெட்டியில் குளிர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அவள் அளந்து எழுதிய கட்டுரை. வெயிலில், நிழலில், மூடியைப் பத்து முறை திறந்தால், இருபது முறை திறந்தால். மேற்கோள் நான்கு. அதில் இரண்டு அவளே காட்டியவை. ஆனால் அதன் அட்டவணையை நகலெடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த மூன்று சுகாதார நிலையங்களை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றில் எழுத்து மங்கிப்போய் யாரோ பேனாவால் மேலெழுதியிருந்தார்கள். ஃபிரிட்ஜ் கதவுகளை எண்ணும் இணையதளம் எதுவும் இல்லை.

இந்த வருடம் ஏன் திடீரென்று கிளம்பினாள் என்று தெரியாது. திருத்தம் வெளியிட என்ன வேண்டும் என்று இதழுக்கு எழுதிக் கேட்டாள். இரண்டு தேவை என்று பதில் வந்தது: திருத்திய அட்டவணை, படிவத்தை நிரப்பியவர் கையெழுத்திட்ட விளக்கம். முதலாவதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, பென்சில் அக்கா நிரப்பிய இருநூற்றுப் பதினான்கு படிவங்களோடு.

பதினோராவது படிவத்தின் ஓரத்தில் அது இருந்தது. பென்சிலில், சின்ன எழுத்தில். "1 க. = 3 மூடி. அளந்தேன்." கணினியில் ஓரங்களுக்குக் கட்டம் இல்லை. அம்மா அதை விரலால் தடவினாள்.

"எழுதிருக்கா பாரு" என்றாள். பிறகு, "அடுத்தது படி."

மாலைக்குள் கணக்கு வந்துவிட்டது. குறைவாகக் கொடுத்தவர்கள் அறுபத்தொன்று அல்ல, முப்பத்தாறு சதவீதம். அதிகமாகக் கொடுத்தவர்கள் ஒன்பது அல்ல, முப்பத்து மூன்று. பயப்படாமல் ஊற்றுங்கள் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் எந்தக் குழந்தைக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அதை யாரும் எண்ணவில்லை. மேற்கோளை எண்ணினார்கள். எண்ணிக் கொடுத்தவள் நான்.

இறுதிச் சடங்கன்று இயக்குநர் வந்தார். கூடத்தில் நின்று, ஆயிரத்து இருநூறு மேற்கோள் பெற்ற கட்டுரையைத் தந்தவர் என்று நாலு பேரிடம் சொன்னார். திருத்தத்தை நீங்கள் அனுப்புவீர்களா என்று வாசலில் வைத்துக் கேட்டேன். இனி அனுப்பக்கூடிய ஒரே பெயர் அவருடையது.

"இப்பப் போய் எதுக்கும்மா? அவங்க பேர் கெட்டுப் போகாதா?" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

பென்சில் அக்கா சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பென்சில் இல்லாத காதை அன்றுதான் பார்த்தேன்.

"வர்றேன் வர்றேன்னு சொன்னாங்க கண்ணு. வியாழக்கிழமை வர்றேன்னாங்க. நான் எங்கயும் போகாம உக்காந்திருந்தேன்."

"எந்த வியாழக்கிழமை, அக்கா?"

"எல்லா வியாழக்கிழமையும்தான்."

அம்மாவின் கைப்பையை நேற்றுத்தான் திறந்தேன். கண்ணாடிக் கூடு, ரத்த அழுத்த மாத்திரை, நாட்குறிப்பு. நாட்குறிப்பில் "வியாழன் – பென்சில் வீடு, கையெழுத்து, 11.20 பஸ்" என்று எழுதி, அடித்து, அடுத்த வியாழனுக்குத் தள்ளியிருந்தாள். அதையும் அடித்து அடுத்ததற்கு. ஐந்து வியாழன்கள். ஐந்தாவது, அவள் மருத்துவமனையில் கிடந்த வியாழன். அது ஒன்றுதான் அடிக்கப்படாதது. பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

நடுவில் நான்காக மடித்த தாள். "நான் படிவங்களில் க. என்று எழுதியது கரண்டியைக் குறிக்கும், தேக்கரண்டியை அல்ல." கீழே கையெழுத்துக்கு இரண்டு கோடுகள், இரண்டும் காலி. ஒன்றின் அடியில் களப்பணியாளர் என்றும், அம்மாவுக்கான மற்றதன் அடியில் முதன்மை ஆய்வாளர் என்றும் இருந்தது.

முதல் கோடு காலியாக இருப்பது புரிகிறது. இரண்டாவதற்கு அவள் பஸ் ஏற வேண்டியதே இல்லை.