மஹய்யாவயில் கிடைத்த மலிவு அறை

எங்கள் காப்புறுதிக் கம்பனியில் வெளியூர் வேலைக்குப் போகிறவனுக்கு இவ்வளவுதான் தங்குமிடப் படி என்று நிர்ணயித்த புண்ணியவான், வாழ்நாளில் ஒரு இரவுகூட வெளியூரில் தங்கியிருக்க மாட்டார். மழையிலும் மண்சரிவிலும் சேதமான வீடுகளைப் பார்த்து, இழப்பை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவது என் வேலை. ஒரு பெருமழைக்குப் பிறகு என்னைக் கொழும்பிலிருந்து ஒரு மாதத்துக்குக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

வாவிக்கரைப் பக்கம் விலை கேட்கவே கூசியது. அங்கே எல்லாம் டொலர் கணக்கு. கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு லொட்ஜில், "ரெண்டு மணித்தியாலத்துக்கா, ராவைக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். கூட யாரும் இல்லை என்றதும்தான் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். கடுகண்ணாவையில் மலிவாக ஒன்று அகப்பட்டது. ஆனால் பஸ் ஊர்ந்து ஊர்ந்து கண்டிக்குள் வந்து சேர்வதற்குள் பாதிக் காலை போய்விடும். ஐந்து நாளில் நான்கு இடம் மாறினேன். எரிச்சல் தலைக்கேறி, சேதம் பார்க்கப் போன வீடுகளில் நல்ல அறையைக் கண்டால் பொறாமைப்படுமளவுக்கு ஆகிவிட்டேன்.

ஆறாம் நாள் கண்டி நகருக்குள்ளேயே மஹய்யாவயில் ஒரு வீட்டின் பின்னறை கிடைத்தது. மாநகர சபையில் வேலை செய்யும் கணவர், மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். வாடகை என் படிக்குள் அடங்கியது. காலையில் ரொட்டியும் சம்பலும் வேறு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டை மாட்ட ஆணி தேடிக் கலண்டரை நகர்த்தியபோதுதான் பார்த்தேன். பக்கத்து அறைக்கும் என் அறைக்கும் நடுவில் உள்ள சுவரில், கூரையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு. பூச்சில் மட்டும் இல்லை, சுவரே பிளந்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு. தொழில் புத்தி விடுமா? வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினேன். வெடிப்பு வளர்கிறதா என்று பார்க்க எல்லா வீட்டிலும் நாங்கள் செய்வது அதுதான்.

மூன்றாம் நாள் வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். அதையும் தாண்டியது. வேறு எந்த வீடென்றாலும் அன்றைக்கே ஆட்களை வெளியேறச் சொல்லியிருப்பேன். இங்கே சொன்னால் அறை போய்விடும். கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுவிட்டுக் கலண்டரைப் பழையபடி தொங்கவிட்டேன். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் பையைத் தூக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, வீட்டுக்கார அக்கா ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

"நீங்க வந்ததுல எங்களுக்குப் பெரிய நிம்மதி சார். மழைக்குப் பொறகு அந்தச் சுவத்துக்குப் பயந்து புள்ளைங்கள எங்க கூடவே முன்னுக்குப் படுக்க வச்சிருந்தோம். ஒடஞ்ச வீடு பாக்குற நீங்களே அங்க நல்லா தூங்குறீங்க, அப்ப சுவரு சரியாத்தான் இருக்கும்னு இவரு சொன்னாரு. போன வாரம் புள்ளைங்கள மறுபடி பக்கத்து ரூமுக்கு மாத்திட்டோம்."

தட்டைத் தள்ளி வைத்தேன். தாங்களே பயந்த அறையை எனக்கு வாடகைக்கு விட்டார்களே என்று கோபப்படக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் சுவரின் மறுபக்கத்தில் ஒரு வாரமாக இரண்டு பிள்ளைகள் தூங்கியிருக்கிறார்கள்.

"அக்கா, பிள்ளைகளை இன்றைக்கே அங்கிருந்து எடுங்க. பின்பக்கமே யாரும் போக வேண்டாம். வெடிப்பு வளருது" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "எப்பயிருந்து தெரியும் சார்?"

"வந்த மூணாம் நாள்ல இருந்து."

அவர் பக்கத்து அறைக்குப் போய்ப் பிள்ளைகளின் பாயைச் சுருட்டத் தொடங்கினார். நான் ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தேன்.

"நீங்க விடுங்க சார்" என்றார்.