மங்கியது எது

கனடாவின் வின்னிபெக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில், செல்களை லேசர் ஒளியில் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியைப் பதினாறு வருடமாகப் பராமரித்தவள் டோரீன் ஃப்ரீசன். அதன் லேசர் பழசாகி, மாதாமாதம் மங்கிக்கொண்டே வந்தது. மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னபோதெல்லாம் பேராசிரியர் ஹால்வர்சன் குறுக்கே நின்றார். "என் ஆராய்ச்சி முடியிற வரைக்கும் அதுமேல கைய வெக்காத."

பிப்ரவரியில் லேசர் அடியோடு அணைந்தது. டோரீன் புதியதைப் பொருத்தினாள். மறுவாரமே ஹால்வர்சன் படங்களோடு வந்து கத்தினார்.

"நோய் வந்த செல்லு மங்கலா தெரியணும். இப்ப நல்ல செல்லு, நோய் செல்லு ரெண்டும் ஒரே மாதிரி மின்னுது. என்னத்தக் கெடுத்து வெச்ச? ஸ்குரூடிரைவர் புடிக்கிறவகிட்ட இத ஒப்படைச்சதே தப்பு!"

லேசரின் வெளிச்சத்தை மாதந்தோறும் அளந்து எழுதிய நோட்டை டோரீன் அவர் முன்னால் தள்ளினாள். "நல்ல செல்ல மே மாசம் படம் எடுத்தீங்க. நோய் செல்ல நவம்பர்ல எடுத்தீங்க. அதுக்குள்ள லேசர் வெளிச்சம் பாதியாயிடுச்சு. மங்குனது செல்லு இல்ல, புரொஃபசர்."

அவர் நோட்டைப் படீரென்று மூடினார். "முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"எட்டுத் தடவ சொன்னேன்."

அந்த வசந்தத்தில், நோய் வந்த செல் மங்கும் என்று எழுதியிருந்த தன் கட்டுரையை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன்பின் நடைவழியில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் திருப்பிக்கொண்டாள்.