கறுத்துப் போன ஏரி

பெங்களூரு அல்சூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் ஓவியனாக இருந்தேன். விளையாட்டில் வரும் ஏரியின் அலைகளை ஸ்பிரைட்டுகளாக, படம் படமாக வரைந்து தந்தேன். எங்கள் புரோகிராமர் மஞ்சுளா ஷேடர் என்ற புரோகிராமை எழுதியதும் அவை தேவைப்படவில்லை. தண்ணீரின் நிறத்தைப் புள்ளி புள்ளியாக கிராபிக்ஸ் கார்டே கணக்கிட்டுவிடும். அவளோடு பேசுவதையே நிறுத்தினேன்.

விளையாட்டை வாங்க வந்தவர், தன் பழைய கம்ப்யூட்டரில்தான் பார்ப்பேன் என்றார். ஏரி கன்னங்கரேலென்று வந்தது. அந்தக் கார்டில் ஷேடர் ஓடாது. இவர் வேண்டாமென்றால் கம்பெனியையே மூடவேண்டியதுதான். முதலாளிக்கு வியர்த்தது. நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

மஞ்சுளா கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினாள். ஏரி அசைந்தது. என் அலைகள்!

"இன்னுமா வெச்சிருக்கே?" என்றேன்.

"எல்லார் வீட்லயும் புதுக் கார்டா இருக்கும், அண்ணா? அதான் தூக்கிப் போடல."

என் கம்ப்யூட்டரிலிருந்த அந்தப் படங்களை நான் கோபத்தில் என்றோ அழித்திருந்தேன்.